வறுத்த விறகும் புகையில்லாத நஞ்சும்

ஒரே விறகு பூவரசங்குளத்தில் ஒரு மாதிரி எரியும், மலையில் வேறு மாதிரி எரியும். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களில் இருந்து வவுனியாப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். இங்கே கட்டையைப் பிளந்து சில வாரம் வெயிலில் போட்டால் வெடித்துக் காய்ந்துவிடும். மலையில் லயத்து வாசலில் கிடக்கிற விறகுக்கு மழையும் பனியும் விட்டால்தானே! ஊதி ஊதிக் கண் சிவப்பதுதான் மிச்சம்.

பச்சைக் கட்டையின் நிறையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகப் போக 540 கிலோகலோரி சூடு வேண்டும். சோற்றுப் பானைக்குப் போகவேண்டிய சூடு இப்படி வீணாகிறது. அடுப்புச் சூடு குறைந்தால் விறகில் இருந்து கிளம்பும் வாயு முழுசாக எரியாது. அப்படி எரியாமல் தப்பியதுதான் நம் கண்ணை எரிக்கிற புகை.

இதற்கு ஒரு வழியாகச் சில நாடுகளில் விறகை வறுக்கிறார்கள். காப்பிக்கொட்டை வறுப்பது மாதிரித்தான். காற்றுக் குறைந்த கலத்தில் 200 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, கட்டை கரியாகும் முன்னமே நிறுத்திவிடுவார்கள். நன்றாக வறுத்தால் நிறையில் பத்தில் மூன்று பங்கு போகும். எரிசக்தியில் பத்தில் ஒரு பங்குதான் போகும். மழை பட்டாலும் பழையபடி தண்ணீர் குடிக்காது.

இந்த விறகு உலையில் எப்படி எரியும் என்பதை முதலில் கம்ப்யூட்டரிலேயே எரித்துப் பார்க்கிறார்கள். உலையைப் பல்லாயிரம் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு, என்ன வாயு என்று அது கணக்குப் போடும். முதலில் ஈரம் போகும், பிறகு வாயு எரியும், கடைசியில் கரி எரியும். பிறகு உண்மையான புகைக்கூட்டில் அளந்து சரிபார்க்க வேண்டும். அளந்து பார்க்காத கணக்கு சோதிடம்தான்.

வறுத்த விறகில் வாயு குறைவு, அதனால் புகையும் குறைவு. ஆனால் கரிப்பங்கு கூட. கரி மெதுவாக எரியும், கடைசிவரை காற்றுக் கேட்கும். காற்றுப் போதாத மூலையில் காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு வாயு உண்டாகும்.

ஸ்டோரில் தேயிலை காயவைக்கிற பெரிய அடுப்புக்கும் இதே விதிதான். 2005இல் நம் நாட்டில் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்த கிளிரிசீடியாவும் காய்ந்து வந்தால்தான் நல்ல விறகு.

எங்களுக்குப் பயம் ஸ்டோரை நினைத்து அல்ல, காம்பராவை நினைத்துத்தான். குளிருக்குச் சட்டியில் கரி நெருப்பை அள்ளி வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திப் படுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புகை இல்லையே, என்ன பயம் என்பார்கள். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, வாந்தி, தூக்க மயக்கம். தூக்கத்திலேயே உயிர் போகலாம். படுக்கும் முன் நெருப்புச் சட்டியை வெளியே வையுங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, 1990க்கு அடியுங்கள். ஆம்புலன்சுக்குக் காசு இல்லை.