அப்பாவின் கணக்கு நோட்டும் அணிவரிசை மொழியும்



உளுந்தின் பெயரைத் தாங்கிய நம் உளுந்தூர்பேட்டையில் மூட்டைக் கணக்குத் தெரியாத வீடு உண்டோ? எங்கள் வீட்டிலும் அப்பாவின் விற்பனைக் கணக்கு நோட்டு ஒன்று உண்டு. கோடையில் அதைக் கையில் எடுத்த நான் ஒரு பாடமும் கற்றேன். ஒரு பெரும் பிழையிலிருந்தும் தப்பினேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

கணிப்பொறி படிக்கும் என் அக்காள் "ஏ.பி.எல்." என்னும் கணினி மொழியைப் பற்றிச் சொன்னாள். கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன் என்னும் கணித அறிஞர் 1962-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் பெயரே அம்மொழிக்கும் பெயராயிற்று. இப்பணிக்காக 1979-இல் அவருக்கு டூரிங் பரிசு கிடைத்தது. பின்னர் 1990-இல் ரோஜர் ஹுய் என்பவருடன் சேர்ந்து "ஜே" என்னும் மொழியையும் அவர் உருவாக்கினார். இம்மொழிகளில் எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிட வேண்டியதில்லை. ஒரு வரிசை முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு கணக்கிடலாம்.

நாம் படிக்கும் அணிகளில் நிரை, நிரல் இரண்டும் உண்டு. ஆனால் அவற்றில் எல்லாம் எண்களே. கணக்கு நோட்டிலோ சொல்லும் எண்ணும் கலந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு நிரலையும் தனி வரிசையாக வைத்துக்கொள்வது வசதியான முறை. எங்கள் நோட்டின் ஐந்து விற்பனைகளைப் பாருங்கள்:

பொருள்: உளுந்து, எள், உளுந்து, மணிலா, உளுந்து
மூட்டை: 4, 2, 3, 5, 2
விலை: 6000, 10000, 6500, 6000, 6200
வரவு: 24000, 20000, 15000, 30000, 12400

மூட்டை வரிசையை விலை வரிசையால் பெருக்கு என்று ஒரு முறை சொன்னால் போதும். தொகை வரிசை வந்துவிடும்: 24000, 20000, 19500, 30000, 12400.

இனிக் கேள்வி கேட்போம். "பொருள் உளுந்தா?" என்றால், ஆம் என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 0 என விடை வரும்: 1, 0, 1, 0, 1. இதைக் கூட்டினால் 3. அதாவது உளுந்து விற்றது மூன்று முறை. இதே வரிசையைச் சல்லடையாக மூட்டை வரிசையின் மேல் வைத்தால், 1 உள்ள இடங்கள் மட்டும் நிற்கும்: 4, 3, 2. கூட்டினால் 9 மூட்டை. ஏ.பி.எல். மொழியில் இந்தச் சல்லடைக்குக் குறி ஒரு சாய்கோடு. கூட்டுவதற்குக் குறி +/ என்பதாகும். எத்தனை எளிமை!

அடுத்து, தொகையிலிருந்து வரவைக் கழித்தேன்: 0, 0, 4500, 0, 0. மூன்றாம் வியாபாரி 4,500 ரூபாய் தர வேண்டும்! பணம் முழுவதும் வந்துவிட்டதென்றே வீட்டில் நினைத்திருந்தோம். அம்மாவின் தோடு அடகிலிருந்த நேரம் அது.

ஆனால் முதலில் நான் செய்தது வேறு. கணக்கு அழகாக இருக்கட்டும் என்று தொகையை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக மாற்றி எழுதினேன்: 30000, 24000, 20000, 19500, 12400. வரவைப் பழைய வரிசையிலேயே விட்டுவிட்டேன். கழித்தபோது முதல் மூவரும் 6000, 4000, 5000 தர வேண்டும் என வந்தது. நான்காமவருக்கோ நாமே 10500 தர வேண்டுமாம்! எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அதே 4500. மொத்தம் சரியாக இருந்ததால் நான் ஐயம் கொள்ளவில்லை. அம்மா முதலாமவரிடம் பாக்கி கேட்கப் புறப்பட்டபோதுதான், அவர் அன்றே முழுப் பணமும் எண்ணிக் கொடுத்தது அப்பாவுக்கு நினைவு வந்தது. நாணயமான ஒருவரைக் கடன்காரர் ஆக்க இருந்தேனே என்று வெட்கினேன்.

இதற்கு அக்காள் வழி சொன்னாள். தொகையை நேரே அடுக்கக் கூடாது. "எந்த இடத்திலுள்ளது முதலில் வர வேண்டும்?" என்று கேட்க வேண்டும். விடை: 4, 1, 2, 3, 5. ஏ.பி.எல். மொழியில் இதற்கென்றே ஒரு தனிக் குறி உண்டு. அந்த இட எண்களைக் கொண்டு பொருள், மூட்டை, விலை, தொகை, வரவு அனைத்தையும் ஒரே விதமாக மாற்றி அடுக்க வேண்டும். நிரல்கள் தனித்தனியே நின்றாலும் அவற்றை இணைக்கும் கயிறு இட எண்ணே. ஒன்றை மட்டும் அசைத்தால் ஒருவர் கணக்கு மற்றொருவர் தலையில் விழும்.

மறுவாரம் அம்மா மூன்றாமவரிடம் நோட்டைக் காட்டினார். அவரும் மறந்திருந்ததாகச் சொல்லிப் பாக்கியைத் தந்துவிட்டார். தோடும் வீடு வந்தது.

தோழியரே, இதற்குக் கணினி இருந்தால் நன்று; இல்லாவிடினும் கோடு போட்ட தாளும் பென்சிலும் போதும். உங்கள் வீட்டுப் பால் கணக்கையோ மளிகைக் கணக்கையோ இன்றே நிரல்களாக எழுதி, 1, 0 என்று கேள்வி கேட்டுப் பாருங்கள். மொத்தம் சரியாக வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொருவர் கணக்கும் அவரவர் பெயரில்தான் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.