தொற்று நோய்க் காலத்து உதவிப் பணமும் ஊர்ப் பதிவேடும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ந் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமுலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியே செங்கற்பட்டு வரை ஓடும் மின்சார ரயில்களும் நின்றன. கோவிட் நோய் பரவுவதைத் தடுக்க அந்நாளில் வேறு வழி தோன்றவில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ரயிலும் சாலையும் நின்றால் அடுப்பும் நின்றுவிடும் குடும்பங்கள் மிகப் பல. விடியற்காலையில் கட்டட வேலைக்குப் புறப்படும் சித்தாள், சண்முகம் சாலையில் காய்கறி விற்கும் மூதாட்டி, பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய சாமான் பரப்புகிறவர், அனகாபுத்தூர் நெசவாளி, வாடகை ஆட்டோ ஓட்டுபவர் ஆகிய இவர்களுக்கு முதல் தேதி என்று ஒன்று கிடையாது. அன்றாட வரும்படியே உண்டு.

இவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது என்று பொதுவாகச் சொல்லுகிறோம். அப்பணம் எவ்வழியே வந்தது, யார் கையில் சேர்ந்தது, யார் வாசலைத் தாண்டிப் போயிற்று என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அமைதியான காலத்தில் ஆராய்வது நலம். வெள்ளம் வந்த பிறகு கரை கட்ட முடியாதென்பது விவசாயிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

முதலில் வந்த உதவி மாநில அரசாங்கத்தினுடையது. 2020 மார்ச்சு 24 அன்று அறிவிக்கப்பட்ட ரூ. 3,280 கோடித் திட்டத்தின்படி, அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் ரூ. 1,000 ரொக்கமும், ஏப்ரல் மாதத்துக்குரிய அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவை இலவசமாகவும் கொடுக்கப்பட்டன. நல வாரியத்தில் பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் தனியாக ரூ. 1,000, 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தன. அவ்வாண்டு ஜூன் 19 முதல் சென்னையிலும் அதனை அடுத்த தாம்பரம், பல்லாவரம், மறைமலைநகர், கூடுவாஞ்சேரி முதலிய பகுதிகளிலும் முழு ஊரடங்கு மீண்டும் வந்தபொழுது, அப்பகுதியின் அரிசி அட்டைகளுக்கு இன்னொரு ரூ. 1,000 தரப்பட்டது. இரண்டாவது அலையின்போது, 2021 மே, ஜூன் ஆகிய இரு மாதங்களில், தவணைக்கு ரூ. 2,000 வீதம் ரூ. 4,000, ஏறத்தாழ 2 கோடியே 7 லட்சம் அட்டைகளுக்கு வழங்கப்பட்டது. ஜூன் மாதத்தில் 14 மளிகைப் பொருள்கள் அடங்கிய பையும் சேர்ந்து வந்தது.

ரூ. 1,000 என்பது சித்தாளின் இரண்டு மூன்று நாட் கூலிக்கு மேற்படாத தொகை. அதைக் குறைவென்று சொல்லுவோர் சொல்லட்டும். ஆனால் அது வந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் வேலை நின்ற தொழிலாளியின் சம்பளத்தில் 80 சதவீதத்தை, மாதம் 2,500 பவுன் வரம்புக்குள், அரசாங்கமே முதலாளி வழியாகக் கொடுத்தது. ஜெர்மனியில் இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதமும், குழந்தையுள்ளவர்க்கு 67 சதவீதமும் கொடுத்தனர். அங்கெல்லாம் பெரும்பாலான தொழிலாளியின் பெயர் சம்பளப் புத்தகத்தில் இருக்கிறது. அப்புத்தகமே பணம் ஓடும் வாய்க்கால். நம் சித்தாளுக்குச் சம்பளப் புத்தகம் ஏது? ஆதலின் ரேஷன் கடைப் பட்டியலே நமக்கு வாய்க்காலாயிற்று. வருமானம் பார்த்து ஒதுக்காமல், வேண்டுவோர் யாவர்க்கும் அரிசி அட்டை என்று நெடுங்காலமாக இம்மாநிலம் வைத்திருந்த ஏற்பாடு, சில வாரங்களுக்குள் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பணம் எட்டச் செய்தது. புதிதாகக் கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தால் அந்தப் பணம் கார்த்திகைக்குத்தான் வந்திருக்கும்.

வாய்க்கால் எட்டாத வயல்களும் உண்டு. நம் பகுதியில் வாடகைக்குக் குடியிருப்போர் மிகுதி. விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ அட்டையை வைத்துவிட்டு இங்கே பிழைக்க வந்தவர், ரயிலும் பஸ்ஸும் இல்லாத நாளில் சொந்த ஊர் ரேஷன் கடைக்கு எப்படிப் போவார்? மணமாகித் தனிக்குடித்தனம் வந்து, பெயரைப் பெற்றோர் அட்டையிலிருந்து நீக்காதவர் நிலையும் அதுவே. கட்டட வேலையே செய்தும் நல வாரியத்தில் பதியாதவர்க்கு வாரிய உதவி கிட்டவில்லை. இவர்கள் ஏழையாயிராததால் விடுபட்டவர்கள் அல்லர். ஏட்டில் இல்லாததால் விடுபட்டவர்கள்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குறையையும் சொல்லவேண்டும். செங்கற்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் புதிதாக அமைந்தது. அதனால் அவ்வாண்டு டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த கிராமப்புற உள்ளாட்சித் தேர்தல் இங்கு நடைபெறவில்லை. 2021 அக்டோபரில்தான் நடந்தது. நோய்க் காலத்தின் இரு கொடிய பருவங்களிலும் புனித தோமையார் மலை, காட்டாங்கொளத்தூர் யூனியன் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் இல்லை, வார்டு அங்கத்தினரும் இல்லை. தனி அலுவலர்களே நிர்வாகத்தை நடத்தினர். அலுவலர் எவ்வளவு முயன்றாலும், நான்காவது தெருக் கோடியில் சென்ற மாதம் குடிவந்த குடும்பம் எது என்பதை வார்டு அங்கத்தினர் அறிவதுபோல் அறிய இயலாது. அதிகாரி வர்க்கத்தைச் சேர்ந்த நாமே இதைச் சொல்லுவதில் தவறில்லை.

பட்டியல் விரைவாக இருந்தால் மட்டும் போதுமா? பி.எம். கிசான் திட்டத்தில், நிலமுடைய விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டில் ரூ. 6,000 மூன்று தவணையாக வருவதை வாசகர்கள் அறிவர். ஊரடங்குக் காலத்தில் ஒரு தவணை முன்கூட்டியே வந்தது. அதே 2020-இல் நம் மாநிலத்தில் விவசாயிகள் அல்லாத பலர் அப்பட்டியலில் புகுந்து, சுமார் ரூ. 110 கோடி தகுதியற்றவர் கணக்குகளுக்குப் போயிற்று என்பது ஆகஸ்டில் வெளிப்பட்டு, சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடைபெற்றது. கிராமத்தில் எவருக்கு நிலம் உண்டு, எவருக்கு இல்லை என்பது டீக்கடையில் கேட்டாலே தெரியும். கிராமத்தைக் கேளாமல் கணினியை மட்டும் கேட்டதன் பயன் அது.

இனிக் கடன் வகைக்கு வருவோம். உதவி என்ற ஒரே பெயரில் கொடையும் கடனும் தவணை ஒத்திவைப்பும் கலந்து வழங்கியதால் சிறு வியாபாரிகள் பலர் மயங்கினர். 2020 மார்ச்சு 27 அன்று ரிசர்வ் வங்கி, கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி அளித்தது. பின்னர் அது ஆகஸ்டு 31 வரை நீண்டது. ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அன்று. 12 சதவீத வட்டியில் ரூ. 1,00,000 கடன் நிற்கும் மாவு மில்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம் தவணை கட்டாவிடில் வட்டி மட்டும் ரூ. 6,000, வட்டிக்கு வட்டியும் சேர்ந்தால் ரூ. 6,152. ரூ. 2 கோடி வரையுள்ள கடன்களுக்கு மத்திய அரசாங்கம் பின்னர் ஏற்றுக்கொண்டது இந்த வட்டிக்கு வட்டியை, அதாவது அந்த ரூ. 152-ஐ மட்டுமே. மீதி ரூ. 6,000 மில்காரர் தலைமேல்தான். கையில் பணமில்லாதவருக்கு ஒத்திவைப்பு உயிர் காத்தது உண்மை. பணம் இருந்தும் "சர்க்கார் கட்ட வேண்டாம் என்றது" என்று இருந்துவிட்டவருக்கு அது நஷ்டம்.

2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட ரூ. 3 லட்சம் கோடி அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் இன்னொரு பாடம். அடமானம் கேளாமல், அவ்வாண்டு பிப்ரவரி 29 அன்று பாக்கி நின்ற கடனில் 20 சதவீதம் வரை புதுக் கடன் தரும் ஏற்பாடு அது. நல்ல திட்டமே. ஆயின் பழைய கடன் உள்ளவருக்கே புதுக் கடன். வங்கி வாசலையே மிதியாமல் கந்து வட்டியில் தொழில் நடத்திய தையற்காரருக்கும் வெல்டிங் பட்டறைக்காரருக்கும் அதில் இடமில்லை. பதிவு செய்த சிறு நிறுவனங்களில், 100 பேருக்கு மேற்படாமல் ஆள் வைத்து, அவர்களுள் பத்துக்கு ஒன்பது பேர் ரூ. 15,000-க்குக் குறைந்த சம்பளம் பெற்றால், தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டுமாக 24 சதவீத வருங்கால வைப்பு நிதியை மத்திய அரசாங்கமே 2020 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை செலுத்தியது. இதுவும் ஏட்டில் இருந்தவர்க்கே.

தள்ளுவண்டிக்காரருக்கும் நடைபாதை வியாபாரிக்கும் 2020 ஜூனில் பிரதம மந்திரி ஸ்வநிதித் திட்டம் வந்தது. ரூ. 10,000 கடன், ஓராண்டுத் தவணை, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், முடித்தவர்க்கு ரூ. 20,000, பிறகு ரூ. 50,000. இது நகரத் திட்டம் என்று கிராமத்தார் பலர் கேளாமலே விட்டனர். விதி அப்படியன்று. கிராமத்தில் குடியிருந்தும் நகர எல்லைக்குள் வந்து விற்பவருக்கு அந்த நகர சபையின் பரிந்துரைக் கடிதம் பேரில் கடன் உண்டு. முடிச்சூரில் குடியிருந்து தாம்பரத்தில் கீரை விற்பவருக்கு வழி இருந்தது. முடிச்சூரிலேயே விற்பவருக்குத்தான் இல்லை.

2025 ஆகஸ்டில் மத்திய மந்திரி சபை இத்திட்டத்தைத் திருத்தி, 2030 மார்ச்சு 31 வரை நீட்டியது. முதல் கடன் ரூ. 15,000, இரண்டாவது ரூ. 25,000, மூன்றாவது ரூ. 50,000 ஆயின. நகர சபை இல்லாத கணக்கெடுப்பு நகரங்களுக்கும் நகர ஓரப் பகுதிகளுக்கும் படிப்படியாக விரியும் என்றும் சொல்லப்பட்டது. மேடவாக்கம் 2011 ஜனத்தொகைக் கணக்கில் அப்படிப்பட்ட கணக்கெடுப்பு நகரமே. ஆகவே இத்தகைய ஊர்களின் பஞ்சாயத்துக்கள், சாலையோரம் விற்பவர் யார் யார், எத்தனை ஆண்டாக எந்த இடத்தில் விற்கின்றனர், ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்துள்ளனவா என்று வார்டு வாரியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்பொழுதே எழுதி வைக்கலாம். அதே புத்தகத்தில் கட்டடத் தொழிலாளரின் வாரியப் பதிவு எண்ணையும், அது புதுப்பிக்க வேண்டிய தேதியையும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவையும், பட்டறைகளின் உத்யம் பதிவையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளலாம். இ-ஷ்ரம், உத்யம் ஆகிய இரண்டு பதிவுகளுக்கும் அரசாங்கம் கட்டணம் வாங்குவதில்லை. பதிந்து தருவதாகச் சொல்லி ரூ. 500 கேட்கும் தரகர் யாராவது உங்கள் ஊருக்கு வந்தால், அவர் பெயரையும் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து யூனியன் ஆபீசுக்குத் தெரிவியுங்கள்.