வீட்டுக் கம்ப்யூட்டரில் டாக்டர்: ரத்த அழுத்தக் கணக்கைத் தயார் செய்வது எப்படி?

வெப் கேமரா மூலம் டாக்டரிடம் ஆலோசனை பெறும் வசதி இன்று பலருக்கும் தெரியும். மத்திய அரசின் ஈசஞ்சீவனி திட்டத்தில், வீட்டில் இருந்தபடியே டாக்டரைப் பார்க்கும் பிரிவு 2020 ஏப்ரலில் தொடங்கியது. கட்டணம் இல்லை. 2023 பிப்ரவரிக்குள் இந்தத் திட்டத்தில் 10 கோடி ஆலோசனைகள் நடந்துவிட்டன.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. ராயபுரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் வரவே பாதி நாள் போய்விடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கேமராவால் உங்கள் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்க முடியாது. நீங்கள் தரும் எண்களை வைத்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா என முடிவு செய்வார். எண் தவறானால் மருந்தும் தவறாகும்.

சரியாக அளப்பது

மேல்கையில் பட்டை கட்டும் டிஜிட்டல் கருவியே நல்லது. பட்டை உங்கள் கைப் பருமனுக்குப் பொருந்த வேண்டும். போன் கேமராவில் விரலை வைத்தால் ரத்த அழுத்தம் காட்டும் என்று சொல்லும் ஆப்களை நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட ஆப் ஒன்றைச் சோதித்த ஆய்வு 2016-ல் வெளியானது. உயர் ரத்த அழுத்தம் இருந்த 4 பேரில் 3 பேருக்கு மேல் அந்த ஆப் "இல்லை" என்றே காட்டியது.

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கையை மேஜை மீது, நெஞ்சு உயரத்தில் வைத்திடுங்கள். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை அளந்திடுங்கள். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், பிறகு மாலையில், என 7 நாட்கள் இதைச் செய்திட வேண்டும்.

எக்ஸெல்லில் பதிவு செய்வது

எக்ஸெல் திறந்து, முதல் வரிசையில் தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு என ஐந்து தலைப்புகளை டைப் செய்திடுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

மேல் அளவையும் கீழ் அளவையும் ஒரே செல்லில் சாய்கோடு போட்டு எழுதாதீர்கள். 140/90 என டைப் செய்தால், எக்ஸெல் அதை எண்ணாக அல்லாமல் வெறும் எழுத்தாகவே எடுத்துக் கொள்ளும். பிறகு சராசரி கிடைக்காது. தனித்தனி செல்களில் எழுத வேண்டும்.

ஒரு நாளைக்கு 4 அளவு வீதம் 7 நாளில் 28 வரிசைகள் வரும். அவை 2 முதல் 29 வரையுள்ள வரிசைகளில் அமையும். முதல் நாள் பதற்றத்தில் அளவு ஏறி இருக்கலாம் என்பதால் அதைச் சராசரியில் சேர்ப்பதில்லை.

1. மேல் அளவு உள்ள சி காலத்தில் 30-வது செல்லில் கிளிக் செய்திடுங்கள்.

2. ஹோம் டேபில் ஆட்டோசம் பட்டனை ஒட்டியுள்ள சிறிய அம்புக்குறியைக் கிளிக் செய்து, ஆவரேஜ் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. எக்ஸெல் தானாகவே 2-வது வரிசையில் இருந்து தேர்வு செய்யும். அதை விட்டு, மவுசால் 6 முதல் 29 வரை இழுத்துத் தேர்வு செய்து என்டர் தட்டுங்கள்.

4. கீழ் அளவுக்கும் இதேபோல் செய்திடுங்கள்.

வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம் எனக் கொள்வார்கள். கிளினிக்கில் அளந்தால் இந்த எல்லை 140/90.

எங்கள் அம்மாவுக்கு முதல் நாள் ஒரு முறை 164 காட்டியது. மற்ற ஆறு நாள் சராசரி 138/86. டாக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டவில்லை. "முதலில் கருவாடும் ஊறுகாயும் குறையட்டும், ஒரு மாதம் கழித்து இதே கணக்கைக் காட்டுங்கள்" என்றார். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

டாக்டரை அழைப்பது

எக்ஸெல் பைலைப் பிடிஎப் ஆகவும் சேமித்திடுங்கள். பழைய மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை ஆகியவற்றின் படங்களையும் சேர்த்து ஒரே போல்டரில் வைத்திடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் வரலாம் என்பதால் இந்த போல்டர்தான் உங்கள் கேஸ் ஷீட்.

பிரவுசரில் ஈசஞ்சீவனி எனத் தேடி, முகவரியின் இறுதியில் அரசு தளங்களுக்கான "கவ் டாட் இன்" உள்ளதா எனப் பார்த்து நுழையுங்கள். மொபைல் எண்ணைத் தந்தால் ஓடிபி வரும். விவரங்களைப் பதிந்து, மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, வரிசையில் காத்திருக்க வேண்டும். கேமரா, மைக் அனுமதி கேட்டால் அலோ என்பதைக் கிளிக் செய்திடுங்கள். முடிந்ததும் மருந்துச் சீட்டை டவுன்லோட் செய்து கொள்ளலாம். யாராவது போன் செய்து ஓடிபி அல்லது வங்கி விவரம் கேட்டால் தர வேண்டாம்.

மாத்திரைக்கு அலைய முடியாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பற்றி அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

எப்போது கம்ப்யூட்டர் வேண்டாம்?

அளவு 180/120-க்கு மேல் போய், அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பார்வை மங்கல் இருந்தால் வீடியோவுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். பேச்சுக் குழறலோ, கை கால் செயலிழப்போ இருந்தால், அளவு எவ்வளவு என்று பார்க்கவே வேண்டாம். தொந்தரவு எதுவும் இல்லை என்றால் 5 நிமிடம் ஓய்வெடுத்து மீண்டும் அளந்திடுங்கள். அப்போதும் அதே அளவு இருந்தால் அன்றே டாக்டரிடம் பேசிட வேண்டும்.

சராசரி இறங்கிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அது இறங்கியதே மாத்திரையால்தான். அடுத்த அழைப்பில் பட்டியலைக் காட்டுங்கள். முடிவை டாக்டர் சொல்லட்டும்.