ஆடுபுலி ஆட்டத்துக்கு ஒரு டோர்னமென்ட் கணக்கு

திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு, 3 கூழாங்கல்லைப் புலியாகவும் 15 புளியங்கொட்டையை ஆடாகவும் வைத்து ஆடும் ஆட்டத்தை ஆரணியில் தறி வேலை பார்க்கும் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நாம் பார்த்திருப்போம், ஆடியிருக்க மாட்டோம். செஸ்ஸுக்கும் கேரமுக்கும் போட்டி உண்டு, இதற்கு ஏன் இல்லை? "ரெண்டு பக்கமும் சமம் இல்லப்பா" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது சரி செய்யக்கூடிய குறைதான்.

பலகையில் 23 சந்திகள். ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். 15-ம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலியோ பக்கத்து ஆட்டைத் தாண்டி, பின்னால் காலி இடம் இருந்தால் வெட்டிவிடும். ஆடுகள் சேர்ந்து மூன்று புலியையும் அடைத்தால் ஆட்டம் முடிந்தது.

செஸ்ஸிலும் முதலில் நகர்த்தும் வெள்ளைக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. அதனால்தான் 2024-ல் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய 14 ஆட்டத்தில் ஆளுக்கு 7 முறை வெள்ளை. (கடைசி ஆட்டத்தைக் குகேஷ் கறுப்பில் ஜெயித்தார். அப்போது அவருக்கு 18 வயசு, இப்போ எனக்கும் அதே வயசுதான்!) நாமும் அதே மாதிரி பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் வைக்கலாம். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 40 நகர்த்தல். ஆடு இறக்குவதும் அதில் சேர்த்தி. புலியாக இருந்தபோது யார் அதிக ஆடு வெட்டினாரோ அவருக்கு 1 புள்ளி. சமமானால் ஆளுக்கு அரை.

அடுத்து, நாக் அவுட் வேண்டாம். 32 பேர் என்றால் 5 சுற்று, 31 மோதல். முதல் சுற்றிலேயே 16 பேர் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவனுக்கு இது நியாயமா? சுவிஸ் முறை 1895-ல் சூரிச் செஸ் போட்டியில் வந்தது. 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடின் 11 சுற்றும் அப்படித்தான். யாரும் வெளியேற மாட்டார்கள். ஒரே புள்ளி எடுத்தவர்கள் அடுத்த சுற்றில் மோதுவார்கள்.

அதே 5 சுற்று, 80 மோதல். டிரா இல்லையென்றால் முடிவு இப்படி வரும்: 5 புள்ளி 1 ஆள், 4 புள்ளி 5 பேர், 3 புள்ளி 10, 2 புள்ளி 10, 1 புள்ளி 5, பூஜ்யம் 1. நாம் கணக்கில் படித்த ஈருறுப்புக் கெழுக்கள்தான்! நாக் அவுட் மாதிரியே ஒரே சாம்பியன் கிடைக்கிறார், எல்லாரும் 5 சுற்றும் ஆடுகிறார்கள். இரண்டாம் இடத்துக்கு 5 பேர் நிற்பார்களே என்றால், யாருடைய எதிராளிகள் மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுத்தார்களோ அவர் முன்னே. இதற்குப் புக்கோல்ட்ஸ் என்று பெயர்.

ஆட்கள் ஒற்றைப்படையில் வந்தால் சுற்றுக்கு ஒருவருக்கு இலவசமாக 1 புள்ளி தரலாம். அதே ஆளுக்கு மறுபடி தரக்கூடாது, அவ்வளவுதான்.