திரைவாசிப்பான் தெரிவு: தமிழ் மாணவர் நோக்கில்

பார்வையற்றோர் கணிப்பொறியைக் கையாளத் துணைநிற்பது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளாகும். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கும். பிரெயில் கருவிக்கும் அனுப்பும். இவற்றுள் எதனைத் தேர்வது என இங்கு நோக்குவோம்.

'ஜாஸ்' 1989இல் வெளிவந்தது; விலை கொடுத்துப் பெறவேண்டியது. 'என்விடிஏ' 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்றது, இலவசமானது. முன்னதை உருவாக்கிய டெட் ஹென்டரும் பின்னதைத் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. இவ்விரண்டும் விண்டோசில் இயங்குவன. லினக்சுக்கு 'ஓர்கா' உண்டு.

தமிழ் மாணவர் முதலில் ஆராயவேண்டியது தமிழ்க் குரலையே. என்விடிஏவுடன் வரும் 'ஈஸ்பீக்' குரல் தமிழ் படிக்கும். ஒலி இயந்திரத்தன்மை உடையதாயினும் விரைந்து படிக்க ஏற்றது. பென்டிரைவில் இட்டு, கல்லூரிக் கணிப்பொறியில் நிறுவாமலே இதனை இயக்கலாம். எனவே, இதிலிருந்து தொடங்குதல் நன்று. தம் பணிக்கு இது போதாதபோது ஜாசை நாடலாம்.

ஆயினும், எம்மென்பொருளும் தனித்து நின்று பயன்தராது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் அமைந்துள்ளன. ஆதலின் நம் கண்ணுக்குத் தமிழாய்த் தெரிவது மாணவர் செவிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் ஒலிக்கும். படமாக வருடப்பட்ட பக்கமோ எழுத்துணரியால் மாற்றப்படும்வரை ஊமையே.

ஆகவே, பாடக்குறிப்பையும் வினாத்தாளையும் ஒருங்குறியில் தட்டச்சிடுதல் ஆசிரியராகிய நம் கடமையாகும். மென்பொருளைத் தேர்வது மாணவர் உரிமை; அது படிக்கத்தக்க தமிழைத் தருவது நம் பொறுப்பு.