பெரியவர்களுக்கு நிகழ்ச்சி நடத்துகிறீர்களா?

குடியிருப்பிலோ தெருச் சங்கத்திலோ மூத்தவர்களுக்காக நிகழ்ச்சி நடத்தினால், முதலில் நேரத்தைக் கவனியுங்கள். சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். இருட்டிய பின் தனியாக வீடு திரும்பப் பயந்தே பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள்.

கூடம் தரைத்தளத்தில் இருக்கட்டும். கழிவறை பக்கத்திலேயே, தரை ஈரமில்லாமல். கைப்பிடி வைத்த நாற்காலி என்றால் ஊன்றி எழுந்திருக்கலாம்.

பெரும்பாலான இடங்களில் கோட்டை விடுவது ஒலியில்தான். காதுக் கருவி மின்விசிறி இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் ஸ்பீக்கரை அலற விடுவதைவிட, பக்கத்து மின்விசிறியை நிறுத்துவது பலன் தரும். பேசுபவரை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வைக்காதீர்கள். முகம் இருட்டடித்தால், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது.

பஜனையும் சர்க்கரை நோய்ப் பேச்சும் மட்டும் போதாது. ஓய்வூதியர்களுக்கு வாழ்வுச் சான்றிதழை ஜீவன் பிரமாண் முறையில் செல்போனிலேயே பதியக் கற்றுக்கொடுங்கள். திரையில் காட்டினால் மறந்துபோகும். அவரவர் போனில், அவரவர் விரலால் செய்யட்டும். சைபர் மோசடிக்கான 1930, முதியோர் உதவிக்கான 14567 இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள்.

வந்தவர்களையே பேச வையுங்கள். ஓய்வுபெற்ற நர்ஸ், தபால்காரர், நெசவாளர் என ஒவ்வொருவரிடமும் சொல்ல விஷயம் உண்டு. பொன்னாடை போர்த்துவதைவிட அதுதான் உண்மையான மரியாதை.

வாட்ஸ்அப் அழைப்போடு நிறுத்தாமல், முந்தின நாள் போனில் கூப்பிடுங்கள். டீக்குச் சர்க்கரையைத் தனியாக வையுங்கள்.