பயோடீசல் சுத்திகரிப்பு: கருவியையும் குளிப்பாட்டணும்!



பயோடீசல் என்று சொன்னதும் எல்லோரும் எண்ணெய், மெத்தனால், காஸ்டிக் சோடா என்று தயாரிப்பு முறையைத்தான் பேசுகிறார்கள். 1900-ல் பாரீஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டிவிட்டது. நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நாளொன்றுக்கு 250 லிட்டர் பயோடீசல் தயாரிக்கும் முன்னோடி ஆலையே அமைத்தார்கள். 2018-ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதனால்தான் சிப்ஸ் கடையில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி வந்து ப்ராஜெக்ட் செய்யும் ஆர்வம் நம்மிடம் குறையவே இல்லை.

ஆனால் ப்ராஜெக்ட் மார்க் வாங்கியபின் அந்தக் கருவி என்ன ஆகிறது? பெரும்பாலும் ஷெட்டு மூலைக்குப் போகிறது. நான் பார்த்தவரையில் முதலில் கெடுவது ரியாக்டர் அல்ல. அது வெறும் டிரம், எதையும் தாங்கும். கெடுவது சுத்திகரிக்கும் பகுதிதான். எண்ணெயிலிருந்து வெளியேறும் சோப்பு, கிளிசரின், தண்ணீர், மெத்தனால் எல்லாம் போய்ச் சேரும் இடம் அதுவே. ஆகவே அதைப் பராமரிக்கும் விதத்தை இங்கே எழுதுகிறேன்.

1. வாஷ் டாங்க்

தண்ணீர் தெளித்துக் கழுவும் முறையில் முதல் எதிரி நம்ம ஊர் போர் தண்ணிதான். அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் பயோடீசலில் இருக்கும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறும். உப்புத் தண்ணியில் துணி துவைத்தால் நுரைக்குப் பதில் திரி திரியாக வருமே, அதே கதை. இந்தப் பிசுக்கு எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓர் அடுக்காக நின்று, டாங்க் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். சிறுவாணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் அடிவால்வைத் திறந்து நடு அடுக்கையும் சேர்த்து வடித்துவிட வேண்டும். பிறகு வெந்நீர் ஊற்றி, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, மூடியைத் திறந்து வைத்து உலரவிட வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து வழவழவென்று பாசி போல் படியும். அது அடுத்த பேட்ச்சில் ஃபில்டரை அடைக்கும். தெளிப்பு நாசிலில் உப்பு படிந்திருந்தால் குண்டூசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். எலுமிச்சை உப்பு எனும் சிட்ரிக் அமிலக் கரைசலில் இரவு முழுக்க ஊறப்போட்டாலே போதும்.

2. ரெசின் டவர்

தண்ணீர் இல்லாமல் கழுவும் முறையில் எரிபொருள் ரெசின் மணிகளின் வழியே மேலிருந்து கீழே இறங்கும். ரெசின் ஈரத்தையும் கிளிசரினையும் உறிஞ்சி உப்பும். ஆகவே டவரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. இடமில்லாமல் உப்பினால் கண்ணாடிக் குழாயையே உடைக்கும்.

கிளிசரின் மணிகள் மேல் பூசிக்கொண்டால் ரெசின் வேலை செய்யாது. அப்போது பயோடீசலை முழுக்க வடித்துவிட்டு, புது மெத்தனாலை மேலிருந்து மெதுவாக விட வேண்டும். ஏன் மேலிருந்து? மெத்தனாலின் அடர்த்தி சுமார் 0.79, பயோடீசலுக்கு 0.88. கனம் குறைந்தது மேலே நின்று கனமானதைக் கீழே தள்ளும். வெளியே வருவது தெளிவாகும்வரை விடலாம். அதன்பின் ஓடவிடும் முதல் சில லிட்டர் பயோடீசலில் மெத்தனால் கலந்திருக்கும். அதை ரியாக்டருக்கே திருப்பி ஊற்றுங்கள்.

மெத்தனால் கிளிசரினைத்தான் கழுவும். ரெசின் பிடித்து வைத்த சோடியத்தை எடுக்காது. கழுவிய பிறகும் சோப்பு அளவு ஏறிக்கொண்டே போனால் ரெசின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம், மாற்றிவிட வேண்டியதுதான்.

3. பம்பும் ஃபில்டரும்

பம்புக்குப் பேர்போன ஊர் நம்முடையது. ஆனாலும் தண்ணீர் பம்பை அப்படியே மாட்டலாமா? பித்தளை, செம்பு, துத்தநாகம் மூன்றும் பயோடீசலைச் சீக்கிரம் கெடுக்கும்; ஜி.ஐ. பைப்பும் ஆகாது. சாதாரண ரப்பர் கேஸ்கெட் உப்பி இளகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டெஃப்ளான், விட்டான் சீல்தான் சரி.

புது ஃபில்டர் போட்ட அன்று கேஜ் காட்டும் அழுத்தத்தை டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டி வையுங்கள். அழுத்தம் படிப்படியாக ஏறினால் அடைப்பு. திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படாதீங்க, ஃபில்டர் கிழிந்திருக்கும்.

4. கருவி சுத்தமா என்று எரிபொருளே சொல்லும்

10 கிராம் பயோடீசலை 100 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்து, புரோமோபீனால் புளூ சில சொட்டு விட்டு, 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். நீலம் மஞ்சளாக வேண்டும். சோடியம் ஓலியேட்டின் மூலக்கூறு எடை 304. ஆகவே 1 மி.லி. அமிலம் செலவானால் கிலோவுக்கு 304 மி.கி. சோப்பு இருக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கத் தரங்கள் அனுமதிக்கும் சோடியம், பொட்டாசியம் மொத்தம் கிலோவுக்கு 5 மி.கி. அது முழுவதும் சோடியம் என்று கொண்டால் சுமார் 66 மி.கி. சோப்பு. அதாவது அமிலம் 0.2 மி.லி.-க்கு மேல் போகக் கூடாது.

தண்ணீருக்கு நம் ஐ.எஸ். 15607 தரம் வைக்கும் எல்லை கிலோவுக்கு 500 மி.கி. இதை மீறிய எரிபொருளை என்ஜினில் ஊற்றினால் இஞ்செக்டருக்கும் பம்புக்கும் கேடு.

5. உயிர் விஷயம்

மெத்தனாலைச் சாதாரண கெமிக்கலாக நினைக்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அது கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது. வாயால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. டவர் கழுவும்போது கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். பக்கத்தில் சுவிட்ச், மோட்டார் பொறி கூடாது. நம் மாநிலத்தில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும். கல்லூரி லேப் கணக்கில், ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே எடுங்கள். மிச்சத்தை ஹாஸ்டலுக்கோ வீட்டுக்கோ கொண்டு போகவே கூடாது.

எண்ணெய் துடைத்த துணியும், வடிகட்டப் பயன்படுத்திய மரத்தூளும் குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வையுங்கள். கழுவிய நீரில் காரமும் சோப்பும் மெத்தனாலும் இருக்கின்றன. அதைச் சாக்கடையில் விட்டால் நொய்யலுக்குத்தான் போகும். சாயக்கழிவால் அந்த ஆறு பட்டபாட்டையும், 2011-ல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் நாம் அறிவோம். அந்த நீரைத் தனி டிரம்மில் சேர்த்து, லேப் கழிவோடு ஒப்படைப்பதே முறை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் போட்டு, பேட்ச் எண், சோப்பு அளவு, ஃபில்டர் அழுத்தம், ரெசின் கழுவிய தேதி இவற்றை எழுதி, கருவியோடு சேர்த்து ஜூனியர் தம்பி தங்கைகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நோட்டு இருந்தால் அவர்கள் ஆரம்பத்திலிருந்து தட்டுத்தடுமாற வேண்டியதில்லை. நாம் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவார்கள்.